கல், கத்தி, சட்டி, குக்கர்: கடற்கரை அடுப்படியில் எது கெட்டால் எங்கே பார்ப்பது?

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் சமையல் சாமான்கள் கெடுவதற்குச் சாமானின் தரத்தைவிடக் கடற்காற்றில் வரும் உப்பும் கிணற்று உவர்நீருமே பெரும்பாலும் காரணம். பழுது என்று எடுத்து வரப்படுவதில் பல ஓர் உலர்ந்த துணியாலும் சிறிது நல்லெண்ணெயாலும் சரியாகிவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் பிடுங்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே சோதித்து வரவும். நடுவில் சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: இரும்புத் தோசைக்கல்லும் சட்டியும் ஓரிரவில் துருப்பிடிக்கின்றன

வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பார்க்கவும். துணியில் கறுப்பு மட்டும் ஒட்டினால் அது துரு அன்று. பல நாள் எண்ணெய் பட்டுப் பழகிய படலத்தின் கரி. அதைச் சுரண்டி எடுத்தால் கல்லை நீங்களே கெடுத்தவர் ஆவீர்கள். செம்மண் நிறத்தில் பொடி ஒட்டினால் துருதான்.

கழுவிய கல்லைக் கவிழ்த்து வைத்துத் தானாக உலரவிட்டீர்களா? மதுரையில் அப்படி வைத்த கல் கெடாமல் இருக்கலாம். கொண்டல் காற்று அடிக்கும் பாம்பனில் இருக்காது. காற்றோடு வந்து படியும் உப்பு ஈரத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வதால், கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் கல்லும் உண்மையில் உலர்ந்திருக்காது. கழுவியவுடன் துடைத்து, சிறு தீயில் இரண்டு நிமிடம் வைத்து, கல்லின் ஓரத்திலிருந்த ஈரமும் போன பிறகே இறக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் துருத் தொல்லை இந்த ஒரு பழக்கத்தோடு நின்றுவிடும்.

அப்படியும் துரு வந்தால், வைக்கும் இடத்தைப் பார்க்கவும். கடலைப் பார்த்த ஜன்னல் மேடை, உப்பு ஜாடி இருக்கும் அதே தட்டு, ஈரத் தட்டுகளை அடுக்கும் கூடையின் அடி ஆகிய மூன்றும் இரும்புக்கு ஆகாத இடங்கள். செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் கூடாது, தாள் ஈரத்தை உறிஞ்சிக் கல்லோடு ஒட்ட வைத்துவிடும். துணிப்பையில் போட்டு உட்சுவர் ஆணியில் தொங்கவிடுவது நல்லது.

இடமும் சரியாக இருந்தால், எண்ணெய் பூசும் முறையில்தான் குறை இருக்கும். துருவைத் தேங்காய் நாராலும் சாம்பலாலும் தேய்த்து எடுத்து, கழுவி, தீயில் நன்கு உலர்த்திய பின் நல்லெண்ணெயை ஒரு துணியில் தொட்டுக் கல் முழுவதும் தடவவும். பிறகு உலர்ந்த வேறொரு துணியால், எண்ணெயே இல்லை என்று தோன்றும் அளவுக்கு அதைத் துடைத்தெடுக்கவும். இந்தத் துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தடிப்பாக நிற்கும் எண்ணெய் பிசுபிசுத்து, உரிந்து, அதன் கீழேயே துரு கிளம்பும். துடைத்த கல்லைப் புகை எழும்வரை சூடாக்கி ஆறவிட்டு, மூன்று நான்கு முறை இதையே திரும்பச் செய்தால் கருமையான படலம் ஏறும்.

துருவை எடுத்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் இருந்தால், 120 எண் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பார்க்கலாம். குழி ஆழமாக இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து மேல்பரப்பை ஒருபடியாகச் சீவச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பில் விரிசல் கண்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டாம். ஒட்டு வைத்தாலும் சூட்டில் மறுபடி பிளக்கும் என்பதால், பழைய இரும்புக்குப் போடுவதே மேல்.

அறிகுறி: தோசை கல்லை விட்டு எழவில்லை

*கல் முழுவதும் ஒட்டுகிறது.* ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கவும். துளி அப்படியே கிடந்து மெல்லக் கொதித்தால் சூடு போதவில்லை. முத்தாகத் திரண்டு உருண்டு ஓடினால் சூடு அதிகம். தீயைக் குறைத்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு மாவை ஊற்றவும். சூடு சரியாக இருந்தும் ஒட்டினால், முந்தைய நாள் அந்தக் கல்லில் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பார்க்கவும். சப்பாத்தி சுட்ட கல்லிலும் மீன் வறுத்த கல்லிலும் மறுநாள் தோசை மொறுமொறுவென்று வராது. பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு அழுத்தித் தேய்த்து, முதல் இரண்டு தோசைகளைப் பலிகொடுத்தால் கல் வழிக்கு வரும். வீட்டில் இடம் இருந்தால் தோசைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று இரண்டு கல் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

*நடுவில் மட்டும் ஒட்டுகிறது, அல்லது ஒரு பக்கம் கருகுகிறது.* கல் வளைந்திருக்கிறதா என்று பார்க்கவும். பள்ளிப் பிள்ளைகளின் அடிஸ்கேலைக் கல்லின் குறுக்கே நிறுத்தி, அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனித்தால் போதும். வளைவு இல்லையென்றால், கல்லின் அகலத்துக்கு அடுப்பின் பர்னர் சிறியது என்று பொருள். சிறு தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, அவ்வப்போது கல்லைச் சுழற்றி வைத்தால் சரியாகும். வளைவு இருந்தால், தட்டையான இரும்புத் தகட்டுக் கல்லைக் கொல்லர் தட்டி நிமிர்த்தித் தருவார். வார்ப்பிரும்புக் கல்லைத் தட்டச் சொல்லிவிட வேண்டாம், அது நிமிராது, உடையும்.

அறிகுறி: கத்தி மீன் தோலில் வழுக்குகிறது, தக்காளியை நசுக்குகிறது

இந்தப் பக்கத்து அடுப்படிகளில் கத்திக்கு ஓய்வே கிடையாது. காலையில் வெங்காயம், பத்து மணிக்கு நகரை மீனோ பாறை மீனோ, மாலையில் தேங்காய்க் கீற்று என்று ஒரே கத்திதான் எல்லா வேலைக்கும் போகும். கூர் போய்விட்டது என்றவுடன் சாணைக்கு அனுப்பாமல் வரிசையாகப் பார்க்கவும்.

முதலில் கத்தியை விட்டுவிட்டு, எதன்மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்று பார்க்கவும். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, டைல்ஸ் தரை ஆகியவற்றின் மேல் வெட்டினால் எந்தக் கத்தியின் வாயும் தாங்காது. மீன் கடைக்காரர் புளியங்கட்டையில் வைத்து வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அது கடினமானது, ஆனாலும் வாயை மடக்காது. வீட்டுக்கும் ஒரு மரப்பலகை வேண்டும். காய்க்கும் மீனுக்கும் பலகையின் இரு பக்கங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கூர் தேய்ந்துவிட்டதா, மடங்கித்தான் இருக்கிறதா என்று அறிய வேண்டும். கத்தியின் வாயை மேல்நோக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். கூர் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் மட்டும் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். பிறகு கட்டைவிரல் நகத்தை அலகின் பக்கவாட்டிலிருந்து வாயை நோக்கி மெல்ல இழுக்கவும். ஒரு பக்கத்தில் நகம் தடங்கி, மறுபக்கம் வழுவழுவென்று போனால் வாய் மடங்கியிருக்கிறது. இதற்குச் சாணை தேவையில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகு பூசாத சொரசொரப்பான அடிவளையத்தில் இரு பக்கமும் மாற்றி மாற்றி நாலைந்து முறை இழுத்தால் நிமிர்ந்துவிடும்.

வெள்ளிக் கோடு நீளமாகத் தெரிந்து, நகம் எங்கும் தடங்கவில்லை என்றால் உண்மையாகவே தேய்ந்துவிட்டது. வீட்டுச் சாணைக்கல்லில், அதிலும் 1000 எண் கல் என்றால் நல்லது, தண்ணீர் விட்டுத் தீட்டவும். சாய்மானம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி இருந்தால் வீட்டுக் கத்திக்குப் போதும். கோணமானி தேட வேண்டாம். அலகின் அகலம் 4 செ.மீ. என்றால், கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி வந்துவிடும். ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே வந்து, மறுபக்கத்தில் வாய் நெடுகச் சன்னமான பிசிறு கையில் தட்டுப்பட்ட பிறகே திருப்ப வேண்டும். பிசிறு வருவதற்கு முன்னே திருப்பித் திருப்பித் தேய்ப்பவர்களின் கத்திதான் எத்தனை நேரம் தீட்டினாலும் வெட்டாது.

வாயில் பல் விழுந்திருந்தால், அதாவது சிறு சில்லுகள் பெயர்ந்திருந்தால், காரணத்தை முதலில் நிறுத்த வேண்டும். சீலா மீனின் தலையைப் பிளப்பதும், நண்டு ஓட்டை உடைப்பதும், ஐஸ் கட்டிய மீனை உருகுவதற்கு முன் வெட்டுவதும், தேங்காய் உடைப்பதும் மெல்லிய கத்தியின் வேலைகள் அல்ல. அவற்றுக்குக் கனமான வெட்டுக்கத்தி தனியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் உள்ள பல் வீட்டுக் கல்லிலேயே தேய்ந்து மறையும். அதற்கு மேல் என்றால் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கவும். சக்கரத்தில் வைத்த அலகை அவர் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். வாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. அன்று முடி வெட்டும், அடுத்த வாரம் வெண்ணெய் வெட்டாது. அப்படி நீலம் பாய்ந்த பட்டைக் கத்தியைக் கொல்லர் பட்டறையில் காய்ச்சித் தோய்த்து மீட்கலாம். கடையில் வாங்கிய மெல்லிய எவர்சில்வர் கத்திக்கு அந்தச் செலவு தகாது.

எவர்சில்வர் கத்தியிலும் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன என்று பலர் கடைக்காரரைக் கோபிக்கிறார்கள். கூர் நிற்க வேண்டும் என்பதற்காகக் கத்திக்குப் பயன்படும் எஃகு, பாத்திர எஃகைவிடத் துருவுக்கு எளிதில் இடங்கொடுக்கும். மீன் கழுவிய உப்புத் தண்ணீரில் கத்தியைப் போட்டு வைக்காமல், வெட்டி முடித்தவுடன் கழுவித் துடைத்தால் புள்ளி வராது. வந்த புள்ளியைச் சோடா உப்புக் குழைவு வைத்துத் தேய்த்து எடுக்கலாம்.

அறிகுறி: அரிவாள்மனை ஆடுகிறது, அல்லது கைப்பிடி கழல்கிறது

இதைச் சரிசெய்யாமல் மீன் அரியவே கூடாது. மீன் வழுவழுப்பில் கை நழுவும், அலகும் ஆடினால் விரலுக்கு உத்தரவாதமில்லை.

பலகை தரையில் ஆடுகிறதா, அலகு பலகையில் ஆடுகிறதா என்று பிரித்துப் பார்க்கவும். பலகை ஆடினால் ஈரத்தில் ஊறிக் கோணியிருக்கும். அடியில் நான்கு மூலைக்கும் ரப்பர் துண்டு ஒட்டினால் போதும். அலகு ஆடினால் போல்ட்டை முறுக்கவும். துருவேறிய நட்டு அசையவில்லையென்றால் மண்ணெண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் ஸ்பேனர் போடவும். முறுக்கிய பிறகும் ஆடினால் மரத்தில் துளை பெருத்துவிட்டது. தச்சரிடம் பலகையை மாற்றிக்கொள்வதுதான் வழி. துளைக்குள் துணியும் தீக்குச்சியும் திணித்து ஓட்டும் வேலை வேண்டாம்.

கத்தியின் மரப்பிடி கழன்றால், பிடிக்குள் இருக்கும் இரும்பு வால் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். வால் நன்றாக இருந்தால் கொல்லர் புதுப் பிடி ஏற்றித் தருவார். வால் செதில் செதிலாக உரிந்தால் கத்தியின் ஆயுள் முடிந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, பல வீடுகளில் அரிவாள்மனையும் மூலையில் சாய்ந்துவிடும். தடை முடிந்து மீன் வந்த காலையில் அலகு செங்கல் நிறத்தில் இருக்கும். தடை தொடங்கும் வாரத்திலேயே அலகிலும் தேங்காய்த் துருவல் பற்களிலும் தேங்காய் எண்ணெயைத் தடவி, துணி சுற்றி வைத்தால் இந்த வேலை மிச்சம்.

அறிகுறி: மண்சட்டி கசிகிறது, வெள்ளை பூக்கிறது, வாடை அடிக்கிறது

*வெளிப்புறம் வெள்ளை பூத்திருக்கிறது.* விரலில் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். உவர்நீரின் உப்பு சட்டியின் சுவர் வழியே வெளிவந்து காய்ந்திருக்கிறது, பழுது அன்று. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சமையலுக்கும் சட்டி ஊறவைக்கவும் குழாயில் வரும் காவிரிக் குடிநீரைப் பயன்படுத்தினால் குறையும். உட்புறத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். தண்ணீர் கொதிக்கவிட்டுக் கொட்டி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைக்கவும்.

*வாடை போகவில்லை.* பெரும்பாலும் சோப்புத்தான் காரணம். மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த குழம்பில் கக்கும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டவும். இனிமேல் நாரும் கடலை மாவும் போதும். மீன் குழம்புச் சட்டியில் மீன் வாடை இருப்பதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்தச் சட்டியில் பால் காய்ச்சாமல் இருந்தால் சரி.

*கசிகிறது.* புதுச் சட்டி என்றால் பயப்பட வேண்டாம். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சித் தண்ணீரைச் சிறு தீயில் அரைமணி கொதிக்கவிட்டால் நுண்துளைகள் அடைபடும். மானாமதுரைச் சட்டியானாலும் உள்ளூர்ச் சட்டியானாலும் இதே பக்குவந்தான். பழகிய சட்டி திடீரென்று கசிந்தால், காய்ந்த சட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கவும். கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் எங்கோ விரிசல். தண்ணீர் நிரப்பிக் காய்ந்த தாளின் மேல் அரைமணி வைத்தால் இடம் தெரிந்துவிடும். சிமெண்டும் எம்-சீலும் வைத்து அடைத்த சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. அதில் பூண்டும் வெங்காயமும் போட்டு வைக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை ஈரத்தரையில் வைத்ததுதான் பெரும்பாலான விரிசல்களுக்குக் காரணம். அடியில் ஒரு பிரிமணை இருந்தால் அது நேராது.

அறிகுறி: குழம்பு கறுக்கிறது, பாத்திரத்தில் பச்சை பிடிக்கிறது

இரும்புச் சட்டியில் புளிக்குழம்போ வாழைக்காயோ கறுத்தால் சட்டியில் பழுதில்லை. புளிச் சமையலை மண்சட்டிக்கு மாற்றவும், அல்லது சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிடவும்.

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் மஞ்சள் தெரிந்தாலோ பச்சைக் களிம்பு கண்டாலோ, அன்றே சமையலை நிறுத்த வேண்டும். புளியால் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் ஈயப்பூச்சு திரும்பி வராது. இது வீட்டு வேலை அன்று. ஈயம் பூசுபவரை அழைக்க வேண்டும். அவர் கொண்டுவருவது வெள்ளீயமா என்று உறுதி செய்துகொள்ளவும், ஏனென்றால் காரீயம் நஞ்சு. வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்லிய ஒலி எழும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், கையில் கனமாகவும் இருக்கும். பூசிய பின் அந்தப் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு மறக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயச் சொம்புக்கும் இதே விதி, ரசத்தை முதலில் ஊற்றிவிட்டே தீ மூட்ட வேண்டும்.

அறிகுறி: எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, ஊசிக்குழி, அடிப்பிடிப்பு

வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைத் தோலோ வினிகரோ விட்டுக் கொதிக்கவைத்தால் போதும். ஊசி குத்தியது போன்ற குழிகள், குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அது அடியில் தங்குவதால் வருபவை. தண்ணீர் கொதித்த பின் உப்பைப் போட்டுக் கலக்கிவிடவும். பிளீச்சிங் பவுடர் கலந்த கிணற்றுத் தண்ணீரைப் பாத்திரத்தில் நாள் கணக்கில் தேக்கி வைப்பதும் எவர்சில்வருக்குக் கேடு.

அடிப்பிடித்ததைக் கம்பி நாரால் சுரண்டாமல் சோடா உப்புத் தண்ணீரில் ஊறவிடவும். ஒரே இடத்தில் எப்போதும் அடிப்பிடித்தால், அடித்தகடு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடேறும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் பிரிந்துவிட்டது. அதைச் சேர்த்துத் தருபவர் யாரும் இல்லை. கீழக்கரைத் தொதல் போல நீண்ட நேரம் கிண்டும் பண்டங்களுக்கு மெல்லிய அடியுள்ள எவர்சில்வரே ஆகாது, கனமான உருளிதான் வேண்டும்.

நான்ஸ்டிக் சட்டியில் பூச்சு உரிந்தால் ஒரே வழி, மாற்றுவது. வெறும் சட்டியைப் பெருந்தீயில் காயவிடாமல், மரக்கரண்டியால் கிண்டினால் அந்த நாள் தள்ளிப்போகும்.

அறிகுறி: குக்கரில் விசில் வரவில்லை, ஓரத்தில் ஆவி கசிகிறது

எதைத் தொடுவதற்கும் முன் அடுப்பை அணைத்து, அழுத்தம் முழுவதும் இறங்கும்வரை காத்திருக்கவும். மூடியை வலுவில் திறக்க வேண்டாம்.

ஆவி ஓரத்தில் கசிந்தால், ரப்பர் வளையத்தில் சோறோ பருப்போ ஒட்டியிருக்கிறதா என்று கழுவிப் பார்க்கவும். கழுவிய பின்னும் கசிந்தால், வளையத்தை விரலால் மடக்கிப் பார்க்கவும். விறைத்து வெடிப்பு தெரிந்தால் புது வளையம் போட வேண்டும். புது வளையத்தோடும் கசிந்தால் விளிம்பு நசுங்கியிருக்கிறது. அதைச் சுத்தியால் தட்டி நேராக்க முயல வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுக்கவும்.

ஓரத்தில் கசிவு இல்லாமல் விசிலும் வராவிட்டால், வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பருப்புத் தோலோ உவர்நீர்ப் படிவோ அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்திக் கழுவவும். துளை தெளிவாக இருந்தால் தண்ணீர் குறைவாக ஊற்றியிருப்பீர்கள்.

சேப்டி வால்வு ஒரு முறை உருகிவிட்டால் அதே கம்பெனியின் புது வால்வைத்தான் போட வேண்டும். துளையைப் புளியாலோ மாவாலோ திருகாணியாலோ அடைத்துச் சமைப்பது உயிரோடு விளையாட்டு. உருகியதற்கான காரணத்தையும், அதாவது தண்ணீர் வற்றியதா, குழாய் அடைத்ததா என்பதையும் பார்த்துவிட்டே மறுபடி அடுப்பில் ஏற்றவும்.

அலுமினிய குக்கரின் உள்ளே கறுத்திருப்பது பழுதன்று. புளித் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வெளுக்கும். ஆனால் அடியில் வெள்ளைப் பொடியோடு குழி விழுந்திருந்தாலும், அடி உப்பியிருந்தாலும் அந்த குக்கரைக் கழித்துவிட வேண்டும். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 2347 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்கவும். வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கான இந்தியத் தர எண் அதுதான். வளையமும் வால்வும் வாங்கக் கடைக்குப் போகும்போது கொள்ளளவை வாயால் சொல்லாமல் பழைய மூடியைக் கையோடு எடுத்துச் செல்லவும். ஒரே லிட்டர் அளவுக்கும் மாடலுக்கு மாடல் வளையத்தின் விட்டம் வேறுபடும்.